பதில் வராத விண்ணப்பங்கள்: மலையகத்தில் வேலை தேடுவோரும் தன்னம்பிக்கைக் கணக்கும்

இலங்கையில் வேலையின்மை வீதம் ஐந்து சதவீதத்துக்கும் கீழே என்று செய்தி வாசிக்கிறார்கள். பொருளாதாரம் 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது என்றும் சொல்கிறார்கள். அதே நேரம் மஸ்கெலியாவிலோ அப்புத்தளையிலோ உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை முப்பது விண்ணப்பம் போட்டுவிட்டு, ஓர் அழைப்புக்கூட வராமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மனம் ஒரே முடிவுக்குத்தான் வரும். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு வேலை இருக்கிறது, எனக்கு இல்லை, அப்படியென்றால் குறை என்னிடம்தான்.

இந்த முடிவு தவறு. ஆனால் “மனதைத் தளரவிடாதே” என்று சொல்லி இதை மாற்ற முடியாது. கணக்கில் விழுந்த பிழையைக் கணக்கில்தான் திருத்த வேண்டும். அந்த ஐந்து சதவீதம் என்னவென்று முதலில் பார்ப்போம்.

அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள்?

வேலையின்மையைக் கணக்கிடுவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். தெரிவு செய்த வீடுகளுக்குப் போய் எடுக்கும் ஊழியப்படைக் கணக்கெடுப்பின் முடிவைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். அதில் மூன்று வரையறைகள் முக்கியம்.

1. வேலையில் இருப்பவர். கணக்கெடுப்புக்குரிய வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தவர். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவியவரும் இதில் சேர்வார். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து பறித்த பெண்ணும், அப்பாவின் மரக்கறிப் பாத்தியில் லீக்ஸ் பிடுங்கிக் கட்டிய பையனும் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர்கள்.

2. வேலையற்றவர். அந்த வாரத்தில் ஒரு மணித்தியாலம்கூட வேலை இல்லாமல், கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடி, கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராக இருப்பவர்.

3. ஊழியப்படைக்கு வெளியே இருப்பவர். வேலையும் இல்லை, தேடவும் இல்லை. தேடிச் சலித்து விட்டுவிட்டவரும் இங்கேதான் போய்ச் சேர்கிறார். 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இந்தப் பிரிவில் இருக்கிறார்கள்.

ஆக, ஐந்து சதவீதத்துக்கு மறுபக்கம் இருப்பது “நல்ல வேலையில் இருக்கும் தொண்ணூற்றைந்து பேர்” அல்ல. அதில் நாள்கூலிக்காரர், அரைகுறை வேலைக்காரர், வேறு வழியில்லாமல் எதையோ செய்பவர் எல்லோரும் அடக்கம். வயதுவாரியாகப் பிரித்தால் படம் இன்னும் மாறும். 15 முதல் 24 வயதுவரையானோரிடையே வேலையின்மை மொத்த வீதத்தைப்போல் பல மடங்கு. கல்வி வாரியாகப் பார்த்தால் உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடம்தான் அது மிக அதிகம். படிக்காதவருக்குக் காத்திருக்க வசதியில்லை, கிடைத்ததில் சேர்ந்துவிடுகிறார். படித்தவர் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார், அந்த வேலைகளோ குறைவு. “இவ்வளவு படித்தும் இப்படியா” என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கேட்கிறார்களே, அதற்குப் புள்ளிவிபரத்தின் பதில், படித்ததால்தான் இப்படி என்பதே.

நாடு மீண்டால் வேலையும் வர வேண்டாமா?

வரும், ஆனால் பிந்தி வரும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதம் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கடன் வட்டியும் அதோடு ஏறியது, கடன் வாங்கித் தொழில் நடத்தியவர்கள் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். பொருளாதாரம் 2022இல் 7.3 சதவீதமும் 2023இல் 2.3 சதவீதமும் சுருங்கியது. மலையகத்துக்கு அதற்கும் முன்பே ஓர் அடி விழுந்திருந்தது. 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடையைச் சில மாதங்களில் விலக்கிக்கொண்டார்கள் என்றாலும் தேயிலைச் செடி உடனே எழும்பவில்லை, 2022இல் உற்பத்தி படுத்துவிட்டது.

2024இன் 5 சதவீத வளர்ச்சி அந்தப் பள்ளத்திலிருந்து மேலே ஏறிய அளவு. முன்பிருந்த இடத்தைத் தாண்டிய அளவு அல்ல. அப்புறம், ஒரு நிறுவனத்துக்கு வேலை கூடும்போது முதலில் இருக்கிற ஆட்களுக்கே ஓவர்டைம் கொடுக்கிறது. பிறகு தற்காலிகமாகச் சிலரை எடுக்கிறது. நிலைமை நிலைக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் நிரந்தர வெற்றிடத்தை விளம்பரப்படுத்துகிறது. அதற்குள் 2022, 2023, 2024 என்று உயர்தரம் முடித்த எல்லாத் தொகுதியினரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஆண்டுகளில் செலவைக் குறைக்க அரசாங்கமும் ஆட்சேர்ப்பை இறுக்கிப் பிடித்தது. அரசாங்க உத்தியோகத்தையே கரை என்று பார்த்த மலையகக் குடும்பங்களுக்கு, குறிப்பாக ஆசிரியர் நியமனத்தை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, இது தனியாக ஓர் இடி.

இருபது விண்ணப்பம், பதிலே இல்லை: அது எதைச் சொல்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு வெற்றிடத்துக்கு 200 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் முற்றிலும் தகுதியானவர்கள் 20 பேர், நீங்கள் அவர்களில் ஒருவர். எடுப்பதோ ஒருவரை. ஆகவே உங்கள் வாய்ப்பு இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம். இதுபோல ஒவ்வொன்றாக விண்ணப்பித்துக்கொண்டே போனால்:

1. பத்து விண்ணப்பத்துக்குப் பிறகும் வேலை கிடைக்காமல் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம்.

2. இருபதுக்குப் பிறகும் 36 சதவீதம். முழுத் தகுதி உள்ள மூவரில் ஒருவருக்கு மேல் இருபது தடவை வெறுங்கையோடு நிற்பார்.

3. ஒவ்வொரு விண்ணப்பத்தின் வாய்ப்பையும் 5இலிருந்து 10 சதவீதமாக்க முடிந்தால், இருபதுக்குப் பிறகும் கிடைக்காமல் இருக்கும் வாய்ப்பு 12 சதவீதமாக விழுந்துவிடும்.

முதல் இரண்டு வரிகளும் சொல்வது, மௌனம் உங்களைப் பற்றி அதிகம் எதுவும் சொல்லவில்லை என்பது. மாசி, பங்குனி வெயிலில் தேயிலைச் செடி துளிர்க்காதபோது பறிக்கும் கொழுந்தின் கிலோ குறைகிறது. நிறை காணாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுவார்கள். அந்த அரைப்பேர் பறித்த கையின் திறமைக்குப் போட்ட மதிப்பெண் அல்ல என்று கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குத் தெரியும். உயர்தரம் படித்த மகள் மட்டும் தன் அரைப்பேரைத் தன் குறையென்று எடுத்துக்கொள்கிறாள்.

மூன்றாவது வரி வேறொன்றைச் சொல்கிறது. எண்ணிக்கையைக் கூட்டாமலே, ஒவ்வொன்றின் தரத்தையும் கூட்டினால் வாய்ப்பு பெரிதாகக் கூடும். ஒரே சுயவிபரக்கோவையை ஐம்பது பிரதி எடுத்து எல்லா இடத்துக்கும் அனுப்புவது உழைப்பு மாதிரித் தெரியும், ஆனால் அது பெரும்பாலும் தபால் செலவுதான்.

சும்மா இருப்பது மனதை என்ன செய்கிறது?

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்றொரு ஊர். ஒரே ஒரு நெசவு ஆலையை நம்பி வாழ்ந்த ஊர், தோட்டம் மாதிரியே. 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. ஆய்வாளர்கள் அங்கே போய்த் தங்கி எல்லாவற்றையும் எண்ணினார்கள், தெருவில் ஆண்கள் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள், எத்தனை தடவை காரணமில்லாமல் நிற்கிறார்கள் என்பது உட்பட. எல்லோருக்கும் வாசிக்க நேரம் கூடியிருந்தது. நூலகக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இரவல் எடுத்த புத்தகங்களின் எண்ணிக்கை பாதியளவுக்கு விழுந்தது. பெண்களின் நடை மட்டும் அவ்வளவு தளரவில்லை, வீட்டுவேலை அவர்களுடைய நாளைக் கட்டிவைத்திருந்தது.

வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை. எழும்பும் நேரத்தை, சந்திக்கும் ஆட்களை, “நான் இன்னார்” என்ற பதிலையும் சேர்த்துத் தருகிறது. தோட்டத்தில் இது இரட்டிப்பாக உறைக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போன பிறகு காலை எட்டு மணிக்கு லயத்து வாசலில் நிற்கும் இளைஞனை எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் பேசுவது இந்தப்பக்கம் கேட்கும். தண்ணீர்ப் பீலியில் “இன்னும் ஒண்ணும் சரிவரலையாப்பா?” என்று கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஒரு நாளைக்கு ஆறு பேர் அன்பாகக் கேட்டால் ஏழாவது நாள் அந்தப் பிள்ளை பீலிக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொள்ளும். ஆட்களைத் தவிர்க்கத் தொடங்குவதுதான் உண்மையான இழப்பு. ஏன் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

மலையகத்துக்கே உரிய ஓட்டைகள்

1. விலாசம். பல தோட்டங்களில் கடிதம் வீட்டுக்கு நேரே வராமல் தோட்ட அலுவலகம் வழியாக வந்துசேர்வது நெடுநாள் குறை. நேர்முகப்பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்குக் கிடைத்தால், அங்கே உங்களை யாரும் நிராகரிக்கவில்லை. போன் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் சுயவிபரக்கோவையின் தலையில் போடுங்கள். டவுனில் கடை வைத்திருக்கும் நம்பகமான உறவினர் இருந்தால் அவர் விலாசத்தைக் கேட்டு வாங்குங்கள். ரீலோட் இல்லாமல் சிம் செயலிழந்து போய், கொடுத்த இலக்கம் வேலை செய்யாமல் கிடப்பதும் நடக்கிறது.

2. பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, பாடசாலைச் சான்றிதழில் மூன்றாவது. 1948இல் குடியுரிமை பறிபோய், அந்தச் சிக்கல் சட்டப்படி 2003இல்தான் முழுதாகத் தீர்ந்த ஒரு சமூகத்துக்குக் காகிதம் என்றாலே ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்தால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வேலை இல்லாத மாதம்தான் பிரதேச செயலகத்துக்கு நாலு தடவை நடக்கக்கூடிய மாதம்.

3. மொழி. சிங்களம் தெரியாது என்பதைவிட, சிங்களத்தில் பிழை விட்டால் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது. முழு மொழியையும் படித்து முடிக்கக் காத்திருக்கத் தேவையில்லை. பெயர், ஊர், படிப்பு, செய்த வேலை, எப்போது சேரலாம் என்ற ஐந்து கேள்விக்கும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதில் எழுதி, வாய்விட்டு இருபது தடவை சொல்லிப் பழகினால் நேர்முகப்பரீட்சையின் முதல் மூன்று நிமிடம் கைக்குள் வந்துவிடும். நடுக்கம் அதிகம் இருப்பது அந்த மூன்று நிமிடத்தில்தான்.

4. தெரிந்தவர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை ஆராய்ந்தார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது சந்திப்பவர்களே வழிகாட்டியிருந்தார்கள். காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். அதே லயத்துக்காரர் காட்டும் கதவு கொழும்பு புறக்கோட்டையின் அதே கடையாகத்தான் இருக்கும். புதுக் கதவு, சாதாரண தரத்தில் கூடப் படித்து இப்போது கண்டியில் கணக்கு வேலை பார்ப்பவரிடம் இருக்கலாம்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்றால் கேட்டவர் “சரி, சொல்றேன்” என்று மறந்துவிடுவார். “அண்ணா, நான் உயர்தரத்தில வர்த்தகம் செஞ்சேன், கணினியில கணக்குப் பதிவு பழகியிருக்கேன். உங்க பக்கத்தில கணக்குக் கிளார்க் வேலைக்கு யாரைப் பார்க்கணும், அந்த ஆளோட பேர் மட்டும் சொல்லுங்க” என்றால் அவர் ஒரு பெயரையாவது யோசிக்க வேண்டியிருக்கும். வேலை கேட்பதைவிடத் தகவல் கேட்பது மானத்தையும் குறைவாகத்தான் உரசும்.

தன்னம்பிக்கை எதிலிருந்து உண்டாகிறது?

உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா 1977இல் இதற்கு நான்கு ஊற்றுகளைக் காட்டினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடித்ததைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலின் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வாய்வார்த்தை ஊக்கம் அதற்கு மிகவும் பின்னால். நம் ஊரில் வேலை தேடுவோருக்கு நடத்தும் கூட்டங்கள் பெரும்பாலும் “உன்னால் முடியும்” என்ற அந்தப் பின்வரிசைப் பொருளைத்தான் விநியோகிக்கின்றன, சிற்றுண்டியோடு.

செய்து முடித்ததைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குவதே பயன் தரும் வழி. மலையகப் பிள்ளைகளின் சுயவிபரக்கோவையில் “அனுபவம்: இல்லை” என்று எழுதியிருக்கும். அதே பிள்ளை மூன்று வருடம் கோயில் திருவிழாக் கணக்கு எழுதியிருக்கும். பின்னேர வகுப்பில் பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்திருக்கும். லயத்துக்காரர் எல்லோருக்கும் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கும். இவை அனுபவமில்லை என்றால் வேறு எது?

கொழும்பில் பேக்கரியிலோ மேசன் வேலையிலோ மின்கம்பி வேலையிலோ சில வருடம் இருந்து திரும்பியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. வகுப்புக்குப் போகாமலே, ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் செய்துகாட்டி மதிப்பீட்டின் மூலம் அந்தச் சான்றிதழைப் பெறும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலோ, பயிலுநர் பயிற்சி தரும் அரச நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்திலோ “முன்கற்றலுக்கான அங்கீகாரம்” என்று கேட்க வேண்டும். “சும்மா பாஸ் கூட நின்னு செஞ்சேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டித் தேறும்போது நடப்பதுதான் பண்டூரா சொன்ன முதல் ஊற்று.

இடைக்காலத்தில் தோட்டத்திலேயே பேர் போட்டு வேலைக்குப் போவது தோல்வியா என்ற கேள்வி வரும். என் கணிப்பில், நாளைக் கட்டிவைக்கும் எந்த வேலையும் வாசலில் நிற்பதைவிட மேல். ஒரே நிபந்தனை, வாரத்தில் இரண்டு அரைநாளாவது தேடலுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், வேலை இழந்த பொறியியலாளர்கள் தினம் 20 நிமிடமாக ஐந்து நாள், அந்த இழப்பைப் பற்றி மனதில் இருந்ததை எழுதினார்கள். மற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவில்லை, ஆனால் சீக்கிரம் வேலையில் சேர்ந்தார்கள். உள்ளே அடைத்து வைத்த கோபம் நேர்முகப்பரீட்சையில் முகத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பது இதற்கு ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று.

எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடிப்பது

மௌனம் உங்கள் குறையல்ல என்றேன். எப்போதும் அப்படியே என்று பிடித்துக்கொண்டாலும் ஆபத்துத்தான். ஒரு கொப்பியில் திகதி, இடம், அனுப்பிய விதம், பதில் என்று நாலு நிரல் போட்டு எழுதி வந்தால் அடைப்பு தெரியும்.

1. இருபது அனுப்பியும் ஓர் அழைப்பும் இல்லை என்றால் சிக்கல் காகிதத்தில், அல்லது குறிவைக்கும் வேலையில். ஆளைப் பற்றி இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

2. அழைக்கிறார்கள், நாலைந்து நேர்முகப்பரீட்சையிலும் தெரிவாகவில்லை என்றால் காகிதம் சரி, பேச்சைப் பழக வேண்டும். வெளியே வந்தவுடன் கேட்ட கேள்விகளைக் கொப்பியில் குறித்தால் ஐந்தாவது தடவை புதிய கேள்வி அதிகம் இருக்காது.

3. தெரிவாகிறது, சம்பளம்தான் கட்டுப்படியாகவில்லை என்றால் அது சந்தையின் நிலை. அங்கே முடிவெடுக்க வேண்டியது ஊரா, தொழிலா, பொறுமையா என்பதை.

அவசரத்தை விலைக்கு வாங்குபவர்கள்

நம்பிக்கை இறங்கிய ஆளைத் தேடித்தான் போலி முகவர் வருகிறார். வெளிநாட்டு வேலை என்றால் முகவர் நிலையத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், அந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் அங்கே அனுமதி இருக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். “முதல்ல விசிட் விசாவில போங்க, அங்க மாத்திக்கலாம்” என்ற வசனம் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கடவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்பவரிடமும், பற்றுச்சீட்டில்லாமல் காசு கேட்பவரிடமும் அப்படித்தான்.

உள்ளூர் வேலைக்கும் ஓர் அடிமட்டம் உண்டு. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்) உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் போகும், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதமும் முதலாளியுடையதே, அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. “மூணு மாசம் போகட்டும், பிறகு ஈ.பி.எப் போடலாம்” என்பது கடைகளில் வழக்கமாகச் சொல்வது. பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கும் முதல் மாதத்திலிருந்தே கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். சேரும் அன்றே நியமனக் கடிதத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் கேளுங்கள். இலக்கம் கிடைத்தால் சில மாதம் கழித்துத் தொழில் அலுவலகத்தில் காட்டி, பணம் விழுந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளலாம்.